பொட்டு வைத்த பட்டன்களும் கோவிந்தண்ணன் வீட்டுக் கல்யாணமும்

டெய்லர் சட்டையைக் கெடுத்தால் வேறு துணி எடுத்துக்கொள்ளலாம், சமையல்காரர் சாம்பாரில் உப்பைக் கொட்டினால் வெந்நீர் ஊற்றிக் கலக்கிவிடலாம். ஆனால் போட்டோகிராபர் கோட்டை விட்டுவிட்டார் என்பதற்காக எந்த ஊரிலும் இன்னொரு தடவை தாலி கட்டமாட்டார்கள். இதைப் படித்ததும் உங்கள் கை தானாகக் கேமராவைத் தேடினால் நீங்களும் படம் எடுக்கிற நம்ம கூட்டம்தான். பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூரில், சந்தைக்குப் போகிற வழியில் எங்கள் ஸ்டூடியோ. நானும் என் மனைவி வசந்தாவும் நடத்துகிறோம். படம் எடுப்பது நான். கம்ப்யூட்டர் வேலை, ஆல்பம் போடுவது, கோபித்துக்கொண்டு வருகிறவர்களைச் சமாதானம் செய்து அனுப்புவது எல்லாம் அவள். பல வருஷம் உழைத்த பழைய கேமரா, சரியாக முகூர்த்த மாதம் தொடங்குகிற நேரம் பார்த்து மண்டையைப் போட்டது. வேலூருக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்தோம். பழையதில் கண்ணை வைத்தால் எதிரில் இருப்பது கண்ணாடி வழியாக அப்படியே தெரியும். புதியதில் கண்ணை வைக்கிற இடத்தில் ஒரு குட்டி டிவி இருக்கிறது. படம் இருட்டாக வருமா, வெளிச்சமாக வருமா என்பதை எடுப்பதற்கு முன்பே அது காட்டிவிடும். எக்ஸ்போஷர் பிரிவியூ என்று பெயர். வேண்டாமென்றால் நிறுத்தி வைக்கலாம். நிறுத்திவிட்டால் எதிரே எவ்வளவு இருட்டு இருந்தாலும் பளிச்சென்றுதான் காட்டும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாததால்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

கேமரா வந்த கொஞ்ச நாளில் கோவிந்தண்ணன் வீட்டுக் கல்யாணம். கோவிந்தண்ணன் பஸ் போகாத ஊர்களுக்கெல்லாம் ஜீப் ஓட்டுகிறவர். மலையில் ஒரு சேதி ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகவேண்டுமென்றால் அவர் ஜீப்பில் ஏறித்தான் போகவேண்டும். அவர் ‘நல்லா எடுத்தான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் மலையில் உள்ள கல்யாணமெல்லாம் எங்களுக்கு. ‘சொதப்பிட்டான்’ என்று சொன்னால் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு நானும் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். தன் மகள் தீபாவுக்குத் திருப்பத்தூர் பக்கம் மாப்பிள்ளை பார்த்திருந்தார். பத்திரிகை கொடுக்க வந்தவர் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்: “தம்பி, மாப்ள வூட்ல கீழேர்ந்து ஆளு கூட்டிக்கினு வர்றோம்றாங்க. டிரோன்லாம் வுடுவாங்களாம். எங்க மலையில எங்காளு கீறாருன்னு நான் வாய வுட்டுட்டேன். என் மானத்த வாங்கிடாத.”

வேலை தேடும் பட்டன்கள்

புதுக் கேமராவுக்கு உடம்பெல்லாம் பட்டன். முதுகில் ஒரு கொத்து, தலையில் ஒரு வரிசை, முன்பக்கம் லென்ஸுக்குப் பக்கத்தில் மோதிர விரல் படுகிற இடத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு. இவற்றில் பாதிக்கு மேல் சொந்தமாக ஒரு வேலை கிடையாது. எதற்கு எந்த வேலை என்று நாமே தீர்மானித்துக்கொள்ளலாமாம். முதல் நாள் சாயங்காலம், கட்சியில் பதவி பிரித்துக் கொடுக்கிற தலைவர் மாதிரி உட்கார்ந்து ஆளுக்கொரு பொறுப்பு கொடுத்தேன். ஃபோகஸ் பிடிக்கிற வேலையை ஷட்டர் பட்டனிடமிருந்து பிடுங்கி, முதுகில் கட்டைவிரல் படுகிற பட்டனிடம் ஒப்படைத்தேன். பெரிய பெரிய போட்டோகிராபர்கள் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள் என்று ஏதோ வீடியோவில் சொன்னார்கள். முன்பக்க இரட்டையரில் மேலே இருப்பதற்கு எக்ஸ்போஷர் பிரிவியூவைப் போட்டு நிறுத்துகிற பொறுப்பு. கீழே இருப்பதற்கு ஷட்டர் சத்தத்தை அடக்குகிற பொறுப்பு.

மறுநாள் காலையில் யாருக்கு என்ன பதவி கொடுத்தேன் என்பது தலைவருக்கே மறந்துபோயிற்று. ஃபோகஸ் வேண்டுமென்று ஒன்றை அமுக்கினால் படம் கறுப்பு வெள்ளையானது. பதறிப்போய் இன்னொன்றை அமுக்கினால் கட்டம் கட்டமாகக் கோடு விழுந்தது. வசந்தா கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்தாள். ஃபோகஸ் பட்டனுக்குப் பச்சைப் பொட்டு, கோடு போடுகிற பட்டனுக்கு நீலப் பொட்டு. முன்பக்க இரட்டையர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் அங்கே நிறம் உதவாது. அதனால் பிரிவியூ பட்டனுக்கு மட்டும், விரலால் தடவினாலே தெரியும்படி, கடுகளவு கல் வைத்த பொட்டு. எல்லாம் முடிந்தபோது கேமரா வளைகாப்புக்குக் கிளம்பிய மாதிரி இருந்தது. வருகிறவர்கள் பார்த்துச் சிரிக்கமாட்டார்களா என்று கேட்டேன். “சிரிச்சா நல்லதுதானே. சிரிங்க சிரிங்கன்னு நீங்க தொண்டைத் தண்ணி வத்தக் கத்த வேணாம்” என்றாள்.

கறுப்புத் திரை

பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு ஒருவர் வந்தார். புளி வியாபாரம் செய்கிறவர். ஸ்டூலில் உட்காரவைத்து, தலையைச் சீவச் சொல்லி, சட்டைக் காலரை இழுத்துவிட்டு, கேமராவில் கண்ணை வைத்தால் ஒரே கும்மிருட்டு. லென்ஸ் மூடி போட்டிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். லென்ஸைக் கழற்றி மாட்டினேன். கண்ணாடியைக் கழற்றி என் கண்ணைத் துடைத்தேன். இருட்டு அப்படியே இருந்தது. மனுஷர் அசையாமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். ஸ்டூடியோவில் படத்துக்கு வெளிச்சம் கொடுப்பது குடை வைத்த பெரிய ஃப்ளாஷ். அது பட்டனை அமுக்கிய பிறகுதான் மின்னும். கேமராவுக்கு அது தெரியாது. அறையில் இருக்கிற டியூப்லைட்டை மட்டும் கணக்கில் வைத்து, ‘இப்படி எடுத்தால் கறுப்பாகத்தான் வரும்’ என்று அது உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தது. மாவை மட்டும் பார்த்துவிட்டு தோசை முறுகலாக இல்லையே என்று வருத்தப்படுகிற மாதிரி. ஃப்ளாஷ் போடும்போது பிரிவியூவை நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான். கல் வைத்த பொட்டை ஒரு அமுக்கு அமுக்கியிருந்தால் முடிந்திருக்கும். இது எனக்கு உறைப்பதற்குள் நான் நாலு தடவை கேமராவைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டேன். கடைசியில் ஸ்டூலில் இருந்தவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: “அதுக்கு என்னப் புடிக்கலன்னா சொல்லிடுங்க. போய் முடி வெட்டிக்கினு வர்றேன்.”

வெளுக்கிற சக்கரம்

இந்தக் கேமராவின் பின்பக்கத் திரையைத் திருப்பி, எதிரில் நிற்கிறவருக்கே காட்டலாம். காட்டக்கூடாது. இது அனுபவத்தில் சொல்வது. பெண் வீட்டுக்குக் கொடுக்க ஒரு படம் வேண்டுமென்று ஓர் இளைஞர் தன் அக்காவோடு வந்தார். வெளியே மரத்தடியில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்கலாம் என்று பிரிவியூவைப் போட்டு, பெருமைக்காகத் திரையை அவர் பக்கம் திருப்பினேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சக்கரத்தை நான் ஒரு பல் திருப்பினால் அவர் ஒரு சுற்று வெளுத்தார். அதை அவரும் பார்த்துவிட்டார். அன்றைக்கு எனக்குச் சனி பிடித்தது.

“இன்னும் கொஞ்சம்” என்றார். திருப்பினேன். “இன்னும்” என்றார். சட்டை வெள்ளைச் சட்டை. அது பின்னால் இருந்த சுவரோடு போய்ச் சேர்ந்தது. “இன்னும் ஒரே ஒரு தபா” என்றார். மூக்கு காணாமல் போனது. இரண்டு கண்ணும், மீசையும், கழுத்தில் போட்டிருந்த கறுப்புக் கயிறும் மட்டும் அந்தரத்தில் தொங்கின. அவருக்கு ஏகப்பட்ட திருப்தி. அதுவரை பேசாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து திரையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். “போதும் நிறுத்துங்கண்ணா. அப்பால பொண்ணு பாக்கப் போறப்ப நாங்க யாரக் கூட்டிக்கினு போறது?”

தேன் எந்த நிறம்

இதற்கு நேர்மாறாக ஒன்று. மகளிர் குழு வைத்து மலைத்தேனும் சாமையும் விற்கிற முனியம்மாக்கா, தேன் பாட்டிலைப் படம் எடுக்கவேண்டும் என்று வந்தார். போனில் படம் பார்த்து வாங்குகிறவர்களுக்கு அனுப்பவேண்டுமாம். ஜன்னல் ஓரம் பாட்டிலை வைத்தேன். தேன் கருங்காப்பி மாதிரி தெரிந்தது. முந்தின வாடிக்கையாளரிடம் படித்த பாடத்தில் நானே முந்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினேன். கறுப்பு போய்ப் பழுப்பு, பழுப்பு போய்ப் பொன், பொன் போய்ப் பளபளவென்று ஒரு மஞ்சள். விளம்பரத்தில் வருகிற தேன் தோற்றது. எப்படி இருக்கிறது என்று பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

முனியம்மாக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று. பாட்டிலைக் கையில் எடுத்து மூடியைத் திறந்து, நான்தான் எதையோ கலந்துவிட்டேன் என்கிற மாதிரி மோந்து பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டு, சக்கரத்தைத் திரும்பிப் போகச் சொல்லிக் கையால் சைகை காட்டினார். “வேணாங்க தம்பி. இப்டி வெளுத்துக் கீதுன்னா வெல்லப்பாகு ஊத்திட்டாளுங்கன்னு சொல்லுவாங்க. கறுப்பாவே எடுங்க, தெரிஞ்சவங்க வாங்குவாங்க.”

பிரேக் எங்கே இருக்கிறது

புளி வியாபாரி ஊருக்குப் போனது கோவிந்தண்ணன் ஜீப்பில். பெண் பார்க்கக் கிளம்பிய இளைஞர் போனதும் அதே ஜீப்பில். எனவே கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கோவிந்தண்ணன் ஸ்டூடியோ வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. “கேமரா கண்ணு தெரியாம கீதாமே?” என்றுதான் ஆரம்பித்தார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று அவர் கையிலேயே கேமராவைக் கொடுத்தேன். என்னையும் வசந்தாவையும் வாசலில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்களேன் என்றேன். என் புத்தியை என்னவென்று சொல்வது.

ஷட்டரை அமுக்கினார். எங்கள் இரண்டு பேரையும் புகையால் செய்த மாதிரி ஒரு படம் வந்தது. இன்னொன்று எடுத்தார். அதில் நாங்கள் ஆவி, பின்னால் இருந்த சைன்போர்டு மட்டும் தெளிவு. நான் ஓடிப்போய், ‘முதலில் முதுகில் இருக்கிற பச்சைப் பொட்டைக் கட்டைவிரலால் அமுக்கினால்தான் ஃபோகஸ் பிடிக்கும், அப்புறம்தான் ஷட்டர், வெளிச்சம் பார்க்க முன்னால் கல் பொட்டு’ என்று விளக்கினேன். ஏன் அதை அங்கே கொண்டுபோய் வைத்தாய் என்று கேட்டார். எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் சிறப்பு என்றேன். அவர் கேமராவை வசந்தாவிடம் கொடுத்தார், என்னிடம் கொடுக்கவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பிய பிறகு சொன்னார்: “தம்பி, என் வண்டி எங்க அப்பன் காலத்து வண்டி. அதுலயே பிரேக்கு எங்க இருக்கணுமோ அங்கதான் கீது.”

கல்யாண வீட்டில் பொட்டுப் பஞ்சம்

விடியற்கால முகூர்த்தம். கோவிந்தண்ணன் வீட்டு முன்னால் தெருவை அடைத்துப் பந்தல். மலைப் பனி பந்தலுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்திருந்தது. ஜெனரேட்டர் சொல்லியிருந்தார்கள், அதை ஏற்றி வந்த வண்டி மலை ஏறும்போது மூச்சு வாங்கி வழியிலேயே நின்றுவிட்டதாகத் தகவல். பரவாயில்லை, கரண்ட் இருக்கிறதே என்று எல்லாரும் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், மாப்பிள்ளைக்கு அக்கா புருஷன், டிரோன் ஆளைக் கூட்டி வருகிறேன் என்று சொன்னவர் அவர்தான். ஸ்வெட்டர் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நான் போகிற இடமெல்லாம் என் பின்னாலேயே வந்தார். பரீட்சை ஹாலில் நம் மேஜையை விட்டு நகராத சூப்பர்வைசரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நலங்கு, வரவேற்பு எல்லாம் ஃப்ளாஷ் போட்டு எடுத்தேன். ஆகவே பிரிவியூ நிறுத்தியிருந்தது. இடையில் கொஞ்ச நேரம் கேமராவை வசந்தாவிடம் கொடுத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். அந்த நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். பெண்ணுக்கு அலங்காரம் முடிந்து மாலை போடும்போது நெற்றிப் பொட்டு எங்கோ விழுந்துவிட்டது. பொட்டு அட்டையைத் தேடினால் கிடைக்கவில்லை. வெளியே ‘பொண்ண அழைச்சிக்கினு வாங்க’ என்று குரல். வசந்தா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, கேமராவிலிருந்து கல் பொட்டை நகத்தால் எடுத்து, அலங்காரம் செய்கிறவரிடம் இருந்த பசையில் ஒரு தொடு தொட்டு தீபாவின் நெற்றியில் வைத்துவிட்டாள். எங்கிருந்து வந்த பொட்டு என்று தீபா கேட்டிருக்கிறாள். “கேமரா வச்சிக்கினு இருந்துச்சி. ஊரையே பாத்த பொட்டு, உனக்குக் கண்ணு படாது போ.”

எனக்கு மட்டும் கரண்ட் இருந்தது

தாலி கட்டும்போது சாம்பிராணிப் புகை போடுவார்கள். புகையில் ஃப்ளாஷ் அடித்தால் வெள்ளைத் திரை போட்ட மாதிரி ஆகிவிடும், பெண்ணும் தெரியாது மாப்பிள்ளையும் தெரியாது. பந்தல் விளக்கிலேயே எடுத்துவிடுவது என்று ஃப்ளாஷைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டேன். இனிமேல் பிரிவியூ வேண்டும். மேடைக்கு முன்னால் நின்றுகொண்டு மோதிர விரலால் கல்லைத் தேடினேன். கல் இல்லை. மேலே தடவினேன், கீழே தடவினேன். இரண்டும் ஒரே மாதிரி வழுவழுவென்று இருந்தன. குத்துமதிப்பாக ஒன்றை அமுக்கினேன். அது கீழே இருக்கிற பட்டன். ஷட்டர் சத்தம் அடங்கிற்று, பிரிவியூ நிறுத்தியபடியே இருந்தது. எனக்கோ கண்ணை வைத்தால் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஆஹா, என்ன வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கரண்ட் போயிற்று. எனக்கு அது தெரியவே இல்லை. பிரிவியூ நிறுத்தியிருந்ததால் கேமரா தன்னால் முடிந்த மட்டும் இருட்டைத் தூக்கி வெளிச்சமாக்கிக் காட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அதைப் புகை என்று நினைத்தேன். பந்தலில் எல்லாரும் ‘ஐயையோ’ என்கிறார்கள், மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார், நான் மட்டும் கண்ணை எடுக்காமல் “அப்டியே இருங்க, லைட்டு சூப்பரா கீது, பொண்ணு கொஞ்சம் இந்தப் பக்கம் பாரும்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பந்தல் ஒரு நிமிஷம் அமைதியானது. அப்புறம் கோவிந்தண்ணனிடம் மாப்பிள்ளையின் அக்கா புருஷன் சொன்னது, அந்த அமைதியில், எல்லார் காதிலும் விழுந்தது: “நமக்கெல்லாம் கரண்ட் போச்சி. உங்காளுக்கு மட்டும் போவல போல.”

மிதிங்கண்ணா

கண்ணை எடுத்துப் பார்த்தேன். மையிருட்டு. ஆளாளுக்கு செல்போன் டார்ச்சை அடித்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையால் கண்ணை மறைத்தார்கள். நேரம் போகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். கோவிந்தண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இருட்டிலும் பார்க்க முடிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கித் தெருவுக்கு ஓடினார். பந்தலைப் பார்த்தபடி அவர் ஜீப் நின்றிருந்தது. அது அவர் கைக்கு மட்டும்தான் கிளம்பும். கிளம்பியது. ஒற்றை விளக்கு எரிந்தது. வலது விளக்கு எப்போதோ செத்துப்போனது, இடது மட்டும். டார்ச்சையெல்லாம் அணைக்கச் சொன்னேன். “பொட்டு எங்க?” என்று பெண்கள் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். “பொண்ணு நெத்தியில. மேல் பட்டன அமுக்குங்க” என்று வசந்தா பதிலுக்குக் கத்தினாள். அமுக்கினேன். அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாகக் கேமரா உள்ளதை உள்ளபடி காட்டியது.

தீபாவின் மேல் கறுப்பாக ஒரு பெரிய நிழல். என் நிழல்தான். எரிகிற விளக்கை விட்டு வலது பக்கம், எரியாத விளக்கின் முன்னால் தள்ளி நின்றேன். நிழல் போயிற்று. முகத்தில் பாதி, மாலை, புகைக்குள் நீளமாக ஒரு வெளிச்சம், எல்லாம் அழகாகத் தெரிந்தன. உடனே மங்க ஆரம்பித்தன. பழைய ஜீப்புக்கு அதுதான் குணம், அக்சிலேட்டரை மிதித்தால்தான் விளக்கு பிரகாசமாக எரியும், காலை எடுத்தால் அழுதுவடியும். “மிதிங்கண்ணா” என்று கத்தினேன். இஞ்சின் உறுமியது, படம் வெளுத்தது. “கொஞ்சம் கம்மி பண்ணுங்க” என்றேன். மங்கியது. “இப்ப, இப்ப, அப்டியே வச்சிருங்க” என்றேன். எந்தக் கேமராக் கம்பெனியும் தராத பட்டன் ஒன்று அன்றைக்கு எனக்குத் தெருவில் கிடைத்தது. அமுக்குவதற்குப் பெண்ணைப் பெற்றவரே உட்கார்ந்திருந்தார். கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை கையைத் தூக்கினார். சத்தமே இல்லாமல் எடுத்துக்கொண்டே இருந்தேன். எல்லாரும் அட்சதை போட்டு முடித்து, மேளமும் தணிந்த பிறகு, இஞ்சின் உறுமலுக்கு மேலே கோவிந்தண்ணன் குரல் கேட்டது: “கட்டியாச்சா இல்லியா? யாராச்சும் சொல்லுங்கடா. கால எடுக்கலாமா?”

முதுகு

அடுத்த வாரம் படம் பார்க்க வந்தார். கீழே எடுக்கிற கல்யாணப் படங்களில் எல்லாரும் பளபளவென்று இருப்பார்கள், ஒவ்வொரு பூவும் தனித்தனியாகத் தெரியும். நான் எடுத்ததில் பாதி இருட்டு. வசந்தா வேறு எதையும் காட்டாமல் தாலி கட்டுகிற படத்தை நேராகப் பெரிய திரையில் போட்டாள். தீபா கண்ணை மூடியிருந்தாள். ஜீப் விளக்கு அவள் கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தது. பொட்டில் இருந்த கல் மின்னியது. மாப்பிள்ளையின் விரல்கள் முடிச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன. மற்ற எல்லாரும் அவர்களுக்குப் பின்னால் இருட்டில், கை தூக்கினவர்களாக.

கோவிந்தண்ணன் பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிற ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கித் திரையை உற்றுப் பார்த்தார். இருட்டாக இருப்பதைத்தான் யோசிக்கிறார் என்று நினைத்து, கம்ப்யூட்டரில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டித் தரலாம் என்று மெல்லச் சொன்னேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். திரையில் மகளின் முகத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தார், தொடவில்லை. “நான் எங்கடா பாத்தேன்? ஸ்டேரிங்குலேர்ந்து பாத்தா உன் முதுகுதான் தெரிஞ்சிது, நாலாளு அகலத்துக்கு. இப்பதான் தம்பி எம்பொண்ணுக்குத் தாலி ஏறுது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது, வசந்தாவுக்கும்தான். எரியாத விளக்கின் முன்னால் போய் நின்றேனே, அது ஓட்டுகிறவர் பக்கம் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவே இல்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை அந்தப் படத்தைப் போடச் சொன்னார், அப்புறம் இன்னொரு தடவை. இப்போது மலையில் நாலு ஊரிலிருந்து கல்யாணத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். நல்லா எடுப்பான் என்று கோவிந்தண்ணன் ஜீப்பில் சொன்னாராம். கூடவே, அவனை ஓரமாக நிறுத்துங்கள் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இந்தக் கேமராவில் எந்தப் பட்டனுக்கு எந்த வேலையை வேண்டுமானாலும் கொடுக்கலாம். பெற்றவர்களை மறைக்காமல் போட்டோகிராபரை நகர்த்தி நிறுத்துகிற வேலையை மட்டும் எந்தப் பட்டனும் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது.